மணி அடித்ததும் எழுந்துவிடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று நேரத்தைச் சிறு சுற்றுகளாக வெட்டிக்கொண்டு வேலை பார்க்கும் பொமோடோரோ முறை பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: அதென்ன 25 நிமிடக் கணக்கு? மூளை அவ்வளவுதான் தாங்கும் என்று ஏதாவது இருக்கிறதா? சிலர் 52 என்கிறார்கள், சிலர் 90 என்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?
– கல்லூரி விரிவுரையாளர்

மூளைக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், பாடத்தில் மனம் நிற்காமல் திண்டாடியபோது, சமையலறையில் வைத்திருக்கும் தக்காளி வடிவ டைமரைத் திருகி வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். இத்தாலியில் தக்காளிக்குப் பெயர் பொமோடோரோ; முறைக்கும் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. பல அளவுகளைப் போட்டுப் பார்த்துவிட்டு 25-இல் வந்து நின்றார். நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிட நீண்ட இடைவேளை என்பதும் அவர் வகுத்ததுதான். ஆய்வகத்தில் அளந்தெடுத்த எண் அல்ல, பழகிப் பார்த்து அமைந்த எண்.

நேரம் போகப் போகக் கவனம் சரியும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 1948-இல் நார்மன் மேக்வொர்த் வெளியிட்ட சோதனையில், எண்களே இல்லாத கடிகார முகப்பில் சிறு சிறு தாவலாக நகரும் முள்ளை 2 மணி நேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எப்போதாவது அது ஒரு தாவலுக்குப் பதில் இரண்டு தாவலாகத் தாவினால் உடனே தெரிவிக்க வேண்டும். முதல் அரை மணி நேரம் கழிந்ததுமே தவறவிடுவது கூடிவிட்டது. ஆனால் அது ராடார் திரையைக் கண்காணிப்பது போன்ற அலுப்பூட்டும் காவல் வேலை. கட்டுரை எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் அதை அப்படியே பொருத்த முடியாது.

52 நிமிட வேலைக்கு 17 நிமிட ஓய்வு என்பது, டெஸ்க்டைம் என்ற நேரப்பதிவு மென்பொருள் நிறுவனம் 2014-இல் தன் பயனர்களில் அதிகம் வேலை முடித்தவர்களின் பதிவிலிருந்து எடுத்த சராசரி. அவர்களில் யாரும் 52-ஆவது நிமிடத்துக்கு அலாரம் வைத்து எழுந்தவர்கள் அல்ல. 90 நிமிடக் கணக்கு, தூக்கத்தில் தெரியும் சுழற்சி விழிப்பிலும் ஓடுகிறது என்று நதானியல் கிளைட்மன் முன்வைத்த கருத்திலிருந்து வந்தது. பகல் வேலையை அதன்படி பிரிக்கும் அளவுக்கு அதற்கு வலு இல்லை.

உங்கள் எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். மூன்று நாள் 25-ஐ வைத்தே செய்யுங்கள். மனம் முதன்முதலில் நழுவும்போது கடிகாரத்தைப் பார்த்து அந்த நிமிடத்தை மட்டும் காகித ஓரத்தில் குறியுங்கள். பெரும்பாலான சுற்றுகளில் 17, 18 என்று விழுந்தால் 20-க்கு இறக்குங்கள். குறிப்பே இல்லாமல் மணி அடித்துவிடுகிறது, அது தொந்தரவாகவும் இருக்கிறது என்றால் 35, பிறகு 45 என்று ஏற்றுங்கள். ஓய்வு வேலையின் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது: 25-க்கு 5, 50-க்கு 10. ஒரே ஆளுக்கே வேலைக்கு ஏற்ப எண் மாறும். விடைத்தாள் திருத்த 25 சரியாக இருக்கும்; பாடக்குறிப்பு எழுத 45 தேவைப்படலாம்.

கேள்வி: டைமர் வைத்து உட்கார்கிறேன். மணி அடிக்கும்போது பார்த்தால் ஒன்றும் ஆகியிருப்பதில்லை. எங்கே தப்பு?
– அலுவலக உதவி மேலாளர்

பெரும்பாலும் தப்பு, டைமரைத் திருகுவதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. "அறிக்கை" என்று எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், எந்தப் பக்கம், எந்த ஃபைல், எங்கிருந்து தொடங்குவது என்று தேடுவதிலேயே பத்து நிமிடம் போய்விடும். "அறிக்கையின் 3-ஆம் பகுதியில் அட்டவணைக்கு மேலே வரும் இரண்டு பத்திகளின் முதல் வரைவு" என்று எழுதியிருந்தால் கை நேராக அங்கே போகும். எப்போது முடிந்தது என்று சொல்லத் தெரியாத எதையும் சுற்றுக்குள் கொண்டுவராதீர்கள்.

நாளைத் தொடங்கும்போது 10 நிமிடம் ஒதுக்கி ஒரு தாளில் அன்றைய வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை சுற்று பிடிக்கும் என்று தோன்றுகிறதோ அத்தனை சிறு கட்டம் போடுங்கள். ஐந்து, ஏழு கட்டத்துக்கு மேல் போனால் அந்த வேலை இன்னும் பிரிக்கப்படவில்லை என்று அர்த்தம்; உடையுங்கள். அரைச் சுற்றுக்கும் குறைவான சில்லறை வேலைகளை, இரண்டு மின்னஞ்சலுக்குப் பதில், ஒரு படிவம், ஒரு போன் என்று கட்டி ஒரே சுற்றில் போடுங்கள். சுற்று முடிய முடியக் கட்டத்தில் பெருக்கல் குறி. கட்டம் தீர்ந்தும் வேலை தீரவில்லையென்றால் பக்கத்தில் வேறு நிறத்தில் புதுக் கட்டம் போடுங்கள், பழையதை அழிக்காதீர்கள். அந்த வேறு நிறக் கட்டங்கள் பின்னால் பயன்படும்.

சுற்றின் உள்ளேயும் ஒரு வடிவம் இருக்கட்டும். முதல் ஒன்றிரண்டு நிமிடம் போன சுற்றில் விட்ட இடத்தைப் பார்ப்பதற்கு, கடைசி இரண்டு நிமிடம் செய்ததைச் சரிபார்த்து அடுத்த அடியை எழுதி வைப்பதற்கு. நடுவில் கிடைப்பது 21, 22 நிமிடம்தான். அதற்கு ஏற்ற அளவுக்கு வேலையை வெட்டுங்கள். வேலை 18-ஆவது நிமிடத்திலேயே முடிந்துவிட்டால் அடுத்ததற்குத் தாவாமல் முடித்ததையே ஒரு முறை படித்துப் பாருங்கள். பிழைகள் கண்ணில் படுவது அப்போதுதான்.

டைமர் போனில் வேண்டாம். நேரம் பார்க்கக் கை நீட்டுகிற ஒவ்வொரு தடவையும் நோட்டிஃபிகேஷனும் கண்ணில் படும். கையால் திருகும் சமையலறை டைமரோ பழைய அலாரம் கடிகாரமோ போதும்.

கேள்வி: எழுத்து நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் மணி அடிக்கிறது. அப்போதும் எழுந்தே ஆக வேண்டுமா? எழுந்தால் மறுபடி அந்த ஓட்டம் வருவதில்லை.
– மொழிபெயர்ப்பாளர்

முறையின் அசல் விதி, எழுந்தே ஆக வேண்டும் என்கிறது. எங்கள் கருத்தும் முதல் இரண்டு வாரத்துக்கு அதேதான். "இன்னும் ஐந்தே நிமிடம்" என்பது 40 நிமிடமாகி, பிறகு வரும் இரண்டு சுற்றுகள் சோர்வில் வீணாவதைத் தொடக்கக்காரர்கள் கவனிப்பதே இல்லை. ஓட்டத்தில் இருக்கும்போது களைப்பு தெரியாது, நின்ற பிறகுதான் தெரியும்.

மணியோடு நிற்கும் பழக்கம் வந்துவிட்ட பிறகு, எழுத்து, நிரல், வடிவமைப்பு போன்ற வேலைகளில் அந்தப் பத்தி முடியும் வரை போகலாம். 10 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அப்படி நீட்டினால் ஓய்வையும் அதே விகிதத்தில் நீட்டுங்கள். வாரத்தில் பாதிச் சுற்றுகளை நீட்டுகிறீர்கள் என்றால் உங்கள் எண் 25 அல்ல. முதல் கேள்விக்கான பதிலைப் பாருங்கள்.

ஓட்டம் திரும்ப வராததற்குக் காரணம் பெரும்பாலும் இடைவேளை அல்ல, விட்ட விதம். எழுவதற்கு முன் 30 வினாடி செலவழித்து "அடுத்து" என்று ஒரு வரி எழுதுங்கள். "தொடரணும்" என்று எழுதிப் பயனில்லை. "அடுத்து: 14-ஆம் பக்கம், இரண்டாம் பத்தி, நீதிமன்ற வசனம். 'மனுதாரர்' என்ற சொல்லையே முழுக்கப் பயன்படுத்து, 6-ஆம் பக்கத்தில் மாற்ற வேண்டும்" என்ற அளவுக்கு இருக்கட்டும். திரும்பி வந்து உட்கார்ந்ததும் யோசிக்காமல் கை வேலையில் இறங்கும்.

இதற்கு ஆய்வுப் பின்புலமும் உண்டு. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்கு மாறினால் கவனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009-இல் எழுதினார். முடிக்காத வேலைக்கு எப்போது, எப்படி முடிப்பது என்று திட்டம் போட்டுவிட்டாலே அது மனத்தைக் குடைவது குறைகிறது என்று மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-இல் காட்டினார்கள்.

கேள்வி: 5 நிமிட ஓய்வு 25 நிமிடமாகிவிடுகிறது. வேலையை விட ஓய்வை அடக்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.
– வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மென்பொருள் பொறியாளர்

ஓய்வில் போனை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டே பதில் சொல்கிறோம். குறுங்காணொளிகளுக்கு முடிவு என்று ஒரு இடம் கிடையாது. ஒன்று முடியுமுன் அடுத்தது ஓடத் தொடங்கும். 5 நிமிடத்தில் நிறுத்த உங்களை நம்பியிருக்கும் ஓய்வு அது. வாட்ஸ்அப் இன்னும் மோசம். ஒரு செய்தியைப் படித்தால் பதில் எழுதத் தோன்றும், பதிலை அங்கே நிறுத்தி வைத்தாலும் அந்த விவகாரம் அடுத்த சுற்றுக்குள் கூடவே வரும். நிரல் எழுதிய கண்ணும் மூளையும் அதே திரையையும் எழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் அது ஓய்வும் ஆகாது.

போன் வேறு அறையில் இருக்கட்டும். மேசை இழுப்பறை போதாது. பிறகு ஓய்வுக்கும் தனியாக டைமர் வையுங்கள், கைக்கு எட்டாத இடத்தில். நிறுத்துவதற்கு எழுந்து நடக்க வேண்டும். மூன்றாவது, ஓய்வில் செய்வது உடலால் செய்வதாக இருக்கட்டும்: தண்ணீர் குடிப்பது, மாடிப்படி ஒரு தடவை ஏறி இறங்குவது, காய்ந்த துணியை மடிப்பது. துணி மடிப்பது நல்ல தேர்வு. எடுத்ததை முடித்தால் தானாக நின்றுவிடும்.

கண்ணுக்கு, கண் மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் 20-20-20 விதி: 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்தில் இருப்பதை 20 வினாடி பாருங்கள். சன்னல் ஓரம் நின்றாலே ஆகிவிடும். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைவதால் கண் வறண்டு எரிகிறது. வேண்டுமென்றே சில தடவை முழுதாகக் கண்ணை மூடித் திறப்பது உதவும்.

நீண்ட இடைவேளையில் சாப்பிடலாம், போனும் பார்க்கலாம், சின்னத் தூக்கமும் போடலாம். தூக்கம் 20 நிமிடத்தைத் தாண்டினால் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய் எழும்போது தலை கனக்கும். படுக்கும் நேரத்தையும் சேர்த்து 25-க்கு அலாரம் வையுங்கள்.

கடினமான சிந்தனை வேலைக்கு 5 நிமிட ஓய்வு எப்போதும் போதாது. குறு இடைவேளைகள் பற்றிய சோதனைகளைத் தொகுத்து 2022-இல் வந்த ஆய்வில், களைப்பு குறைவதும் உற்சாகம் கூடுவதும் தெளிவாகத் தெரிந்தது. மூளையைப் பிழியும் வேலைகளின் தரம் உயர அந்த அளவு ஓய்வு போதவில்லை. பிழை தேடித் தேடி மண்டை சூடாகிவிட்ட சுற்றுக்குப் பிறகு, நான்காவது சுற்று வரட்டும் என்று காத்திராமல் 15 நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 25 நிமிடம் யார் விடுவார்கள்? மேலாளர் கூப்பிடுவார், பக்கத்து மேசைக்காரர் சந்தேகம் கேட்பார், போன் அடிக்கும்.
– கணக்குப் பிரிவு ஊழியர்

இடையூறு இரண்டு வகை. நமக்குள்ளிருந்து கிளம்புவது ஒன்று: மின்கட்டணம் கட்டினோமா, அந்த ஃபைல் எங்கே, ஒரு நிமிடம் கூகுளில் பார்ப்போம். அது வந்தவுடன் தாளில் ஒரு ஒற்றைக் குறி (') போட்டு, விஷயத்தை இரண்டு சொல்லில் எழுதிவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். எழுதி வைத்தாயிற்று என்றால் மனம் அதைப் பிடித்துக்கொண்டிருக்காது. ஒரு சுற்றில் ஆறேழு குறி விழுந்தாலும் பரவாயில்லை, எதையும் உடனே செய்யாமல் இருந்தீர்களா என்பதுதான் கணக்கு.

வெளியிலிருந்து வருவதற்குச் சிறு கோடு (–). ஆளிடம் சொல்ல வேண்டியது, வேலையில் இருக்கிறேன் என்பது, எப்போது வருவேன் என்பது: "சார், இந்த வவுச்சரை முடித்துவிட்டு பதினொன்றே காலுக்கு நானே வருகிறேன்." நேரத்தைச் சொல்லாமல் "அப்புறம் வருகிறேன்" என்றால் ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி வந்து நிற்பார். சொன்னதைத் தாளில் எழுதுங்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள். இரண்டு தடவை சொன்னபடி போய்விட்டால் மூன்றாவது தடவை காத்திருப்பார்கள். 25 நிமிடச் சுற்றில் யாரும் அரை மணிக்கு மேல் காத்திருக்க நேராது, பெரும்பாலான விஷயங்கள் அதைத் தாங்கும்.

தாங்காத விஷயம் என்றால் எழுந்து போய்விடுங்கள். அந்தச் சுற்று செல்லாது. திரும்பி வந்து மீதி 11 நிமிடத்தைச் சேர்த்துக் கணக்கு முடிக்காமல் புதுச் சுற்றாகத் தொடங்குங்கள். இது கறாராகத் தெரியும். ஆனால் பாதிச் சுற்றுகளை ஒட்டவைக்கத் தொடங்கினால் ஒரு வாரத்தில் எல்லாமே பாதிச் சுற்றாகிவிடும்.

வாரக் கடைசியில் கோடுகளை எண்ணுங்கள். பத்து முதல் பதினொன்றரை வரை கோடு குவிகிறது என்றால் அந்த நேரத்தில் சுற்று வைக்காதீர்கள், சில்லறை வேலைகளை அங்கே தள்ளுங்கள். வரும் அழைப்பை எடுப்பதே வேலையாக இருக்கும் வரவேற்பு, வாடிக்கையாளர் சேவை போன்ற பணிகளுக்கு இந்த முறை பொருந்தாது. அவர்கள் இதைச் செய்ய முடியவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை.

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை சுற்று சாத்தியம்? தேர்வோ 3 மணி நேரம், இடைவேளை கிடையாது. இந்தப் பழக்கம் அங்கே காலை வாராதா?
– தேர்வர்

12 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 12 × 25 = 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம் சுத்தப் படிப்பு. நான்கு நான்காகப் பிரித்தால் நடுவில் 9 குறு இடைவேளை 45 நிமிடம், 2 நீண்ட இடைவேளை 25 வீதம் 50 நிமிடம். மொத்தம் 395 நிமிடம், ஆறரை மணி நேரத்துக்குச் சற்று மேல். முழுநேரமாகப் படிப்பவருக்கு இது நல்ல இலக்கு. 16, 18 என்று அட்டவணை போடுபவர்கள் மூன்றாம் நாளே அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். முதல் வாரம் 6 அல்லது 8 போதும்.

படிக்கும் சுற்றின் கடைசி 5 நிமிடத்தைப் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை வெற்றுத்தாளில் எழுதிப் பார்க்க ஒதுக்குங்கள். திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதே சில நாள் கழித்தும் தங்குகிறது என்று ரோடிகரும் கார்பிக்கேயும் 2006-இல் காட்டிய சோதனை இந்த 5 நிமிடத்துக்கு ஆதாரம். எழுத வராத இடம்தான் அடுத்த சுற்றின் முதல் வேலை. பிறகு வரும் ஓய்வில் கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருப்பதும் நல்லது. புதிதாகக் கற்ற பிறகு சில நிமிடம் எதுவும் செய்யாமல் ஓய்ந்திருந்தால் நினைவு நன்றாக நிற்கிறது என்று மைக்கேலா டூவார் குழு 2012-இல் கண்டது.

உங்கள் அச்சம் நியாயமானது. பாடத்தைக் கற்கும்போது குறுஞ்சுற்று. தேர்வு எழுதிப் பழகும்போது நெடுஞ்சுற்று. தேர்வுக்கு 6 வாரம் இருக்கும்போது வாரம் இரண்டு தடவை 50 நிமிடம் எழுந்திருக்காமல் வினாத்தாள் போடுங்கள். 4 வாரம் இருக்கும்போது 90 நிமிடம். கடைசி இரண்டு வாரத்தில் வாரத்துக்கு இரண்டு முழு 3 மணி நேரத் தேர்வு, உண்மைத் தேர்வு நடக்கும் அதே நேரத்தில். மற்ற படிப்பெல்லாம் பழைய சுற்றிலேயே போகட்டும்.

கேள்வி: 3 சுற்று என்று போட்டால் 5 ஆகிறது. எப்போதும்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

எல்லோருக்கும் அப்படித்தான். இதே மாதிரி வேலை போன தடவை இழுத்தது தெரிந்தும் இந்தத் தடவை சீக்கிரம் முடியும் என்று நம்பும் போக்கைக் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே சுட்டிக்காட்டிவிட்டார்கள். வேறு நிறக் கட்டங்கள் இங்கேதான் உதவும். ஒரே வகை வேலை பத்துத் தடவை முடிந்ததும் போட்டதையும் ஆனதையும் கூட்டிப் பாருங்கள். போட்டது 30, ஆனது 48 என்றால் உங்கள் பெருக்கு எண் 1.6. அடுத்த தடவை மனம் 3 என்றால் தாளில் 5 போடுங்கள். எழுதுவதற்கு ஒரு எண், திருத்துவதற்கு ஒரு எண் என்று வேலைக்கு வேலை மாறும், கலக்காதீர்கள்.

கேள்வி: 25 நிமிடம் என்றாலே மலைப்பாக இருக்கிறது. டைமரைத் தொடவே கை வருவதில்லை.
– ஆய்வு மாணவி

அப்படியானால் 10 வையுங்கள். 10-உம் மலைப்பென்றால் 5. அந்த 5 நிமிடத்தில் ஆய்வேட்டை எழுத வேண்டாம். ஃபைலைத் திற, கடைசிப் பத்தியைப் படி, ஒரு வாக்கியம் சேர், அவ்வளவே. முந்தின இரவே நேரத்தையும் இடத்தையும் சேர்த்து எழுதி வைப்பது நன்றாக வேலை செய்கிறது: "காலையில் காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் மேசைக்குப் போய் டைமரைத் திருகுவேன்." இது நடந்ததும் அது என்று முடிச்சுப் போட்டு வைத்தால் செய்துமுடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. ஒரு வாரம் 10-இல் ஓட்டிவிட்டு 15-க்குப் போங்கள். 25-க்கு வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

கேள்வி: கைக்குழந்தை இருக்கிறது. எப்போது எழும் என்று தெரியாது. எனக்கு இது ஆகுமா?
– இல்லத்தரசி, பகுதிநேரக் கணக்காளர்

முழுச் சுற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள். 12 நிமிடச் சுற்று வையுங்கள். பாதியில் விட்டால் திரும்பப் பிடிக்க நேரமாகாத வேலைகளாகத் தேர்ந்தெடுங்கள்: ரசீதுகளைப் பதிவது, வரிசைப்படுத்துவது. இருப்பு ஒத்துப் பார்ப்பது போல நடுவில் விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டிய வேலையை, குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்ளும் ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்குங்கள். உங்களுக்குச் செல்லாத சுற்று என்ற விதியும் வேண்டாம்.

கேள்வி: டைமரின் டிக் டிக் சத்தமே கவனத்தைக் கெடுக்கிறது. பாட்டுப் போட்டுக்கொள்ளலாமா?
– ஓவியக் கல்லூரி மாணவர்

சத்தமில்லாத மின்னணு டைமர் வாங்குங்கள், அல்லது மணற்கடிகாரம். மணற்கடிகாரம் முடிவில் கூப்பிடாது என்பதால் ஆழ்ந்துவிடும் பழக்கம் உள்ளவருக்கு உதவாது. வரையும்போது பாட்டுக் கேட்கலாம். படிக்கும்போதும் எழுதும்போதும் வரிகள் உள்ள பாட்டு வேண்டாம், காதில் விழும் சொல்லும் கண்ணில் படும் சொல்லும் மோதும். ஓய்வில் பாட்டுக் கேட்பதானால் ஒரே பாட்டாக வையுங்கள். அது முடிந்தால் ஓய்வு முடிந்தது, இன்னொரு டைமர் வேண்டியதில்லை.